இடலீனாவின் இருபத்தெட்டு நாள்

போர்ச்சுகலின் ப்ராகா நகரப் பேருந்தில் இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டிய இடலீனாவுக்கு, ஐம்பத்து நாலாவது வயதில் நிணநீர் முடிச்சுகளில் புற்றுநோய் வந்தது. முதல் மருந்து ஏழு மாதம் தாங்கியது. இரண்டாவது நாலு மாதம். மூன்றாவதாக, அவளுடைய ரத்தத்திலிருந்தே அணுக்களை எடுத்து வெளியே வைத்துப் பழக்கி, திரும்ப உடம்புக்குள் ஏற்றினார்கள். பத்து நாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்து எழுந்தாள். நோயும் கூடவே எழுந்தது. செப்டம்பர் கடைசியில் இடது தாடைக்குக் கீழே புறா முட்டை அளவுக்கு ஒரு கட்டி புடைத்துக்கொண்டு நின்றது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டினாலும் தெரிந்தது. காய்கறிக் கடைக்காரி அதைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, கேட்காமலேயே இரண்டு ஆரஞ்சு கூடப் போட்டுக் கொடுத்தாள். அந்த இரண்டு ஆரஞ்சுதான் இடலீனாவை வீட்டுக்கு வந்து அழ வைத்தது.

போர்ட்டோவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் செலெஸ்த் அவளையும் அவள் கணவன் ஃபௌஸ்தோவையும் உட்கார வைத்துப் பேசினார். ஃபௌஸ்தோ அதே பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பெரிய உருவம். டாக்டர் அறை நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அது முறிந்துவிடுமோ என்று பயந்தவன் போல நுனியில் உட்காருவான்.

"கைவசம் இருந்த மருந்தெல்லாம் முடிஞ்சுபோச்சு, தோனா இடலீனா." அங்கே பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒரு ஆய்வு மட்டும் இருக்கு. புது மாத்திரை. இது குணமாக்கும்னு நான் சொல்ல மாட்டேன். யாருக்கும் தெரியாது."

"என்ன பண்ணும் அது?"

டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டார். "இந்தப் புத்துநோய் அணு இருக்கே, இது சர்க்கரையை அவசர அவசரமா எரிக்கும். எரிச்ச மிச்சம் ஒரு அமிலம், லாக்டேட்டுன்னு பேரு. ஓடும்போது நம்ம தசையில சுரக்குமே, அதேதான். இந்த அணுவுக்குள்ள அது குடம் குடமா சேரும். வெளியே தள்ளலேன்னா அணு புளிச்சே செத்துப்போகும். தள்ளுறதுக்கு அதோட சுவத்துல ஒரு கதவு வெச்சிருக்கு. இந்த மாத்திரை அந்தக் கதவை அடைச்சிரும்."

"சில பேருக்கு ரெண்டு கதவு இருக்கும்" என்று தொடர்ந்தார். "ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு வழியா தள்ளிரும். அவங்களுக்கு இது பிரயோஜனமில்லை. உங்க கட்டியில துண்டு எடுத்துப் பார்த்தோம். ஒரு கதவுதான் இருக்கு."

"ஒத்தக் கதவு வண்டியா? அதெல்லாம் எப்பவோ ஓரங்கட்டியாச்சே!" என்றாள் இடலீனா.

டாக்டர் சிரித்துவிட்டார். ஃபௌஸ்தோ சிரிக்கவில்லை. பிறகு ஆய்வின் விதிகளைச் சொன்னார்கள். ஒரு மருந்தளவுக்கு மூன்று பேர். அந்த மூன்று பேரும் இருபத்தெட்டு நாள் பெரிய தொந்தரவு இல்லாமல் தாண்டினால், அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டுவார்கள். இடலீனா தன் குழுவில் மூன்றாவது ஆள். இதயத்துக்கும் கண்ணுக்கும் இதே மாதிரிக் கதவு தேவைப்படுகிறது. அதனால் வாரா வாரம் ரத்தம், இதயப் படம், கண் பரிசோதனை. எந்தச் சின்ன மாற்றம் வந்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

"தொந்தரவு வந்தா?" என்று கேட்டான் ஃபௌஸ்தோ.

"நிறுத்திருவோம்" என்றார் டாக்டர்.

சம்மதப் படிவத்தின் பதினேழு பக்கத்திலும் இடலீனா கையெழுத்துப் போட்டாள். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் மனம் பிடித்துக்கொண்டது. நிறுத்திருவோம்.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி காலையில் முதல் மாத்திரை. காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆறாவது நாள் குளித்துவிட்டுத் துவட்டும்போது தாடைக்குக் கீழே விரல் வைத்தாள். ஏதோ வித்தியாசமாக இருந்தது. நம்பிக்கை வைத்து ஏமாறக்கூடாது என்று ஃபௌஸ்தோவிடம் சொல்லவில்லை. ஒன்பதாவது நாள் அவனே சாப்பாட்டு மேஜையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கழுத்தையே பார்த்தான்.

"இங்க வா" என்றான். கிரீஸ் போகாத விரலால் தொட்டுப் பார்த்தான். "இடலீனா, இது பாதியாயிருச்சு."

"சும்மா இரு. சூப் ஆறுது."

"பாதியாயிருச்சுங்கறேன்!"

அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். முப்பது வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அன்றைக்கும் முதுகைத்தான் பார்த்தாள்.

பதினோராவது நாள் சாயங்காலம், குப்பைப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். இரண்டாம் மாடி திருப்பத்தில் பக்கத்து வீட்டுச் சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. வழக்கமாக அங்கேதான் இருக்கும். அதில் போய் நேராக முட்டினாள். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வந்தது. விளக்கு பழுதாகியிருக்கிறது என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மங்கலாக, தூசி படிந்த கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பதுபோல.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பகலில் ஒன்றுமில்லை. பேப்பரில் பொடி எழுத்துகூடப் படிக்க முடிந்தது. வெளிச்சம் குறையும்போதுதான் உலகம் அவளிடமிருந்து விலகியது. நவம்பரில் ஐந்தே கால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். தெருவில் கஷ்கொட்டை சுடும் வண்டியின் புகை எழும் நேரம். அந்த நேரத்தில் எதிரே வருகிறவர்கள் நிழலாகத் தெரிந்தார்கள். நடைபாதை விளிம்பு தெரியவில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழைந்தால் கண் பழகவே இல்லை; கால் மணி நேரம் ஆனாலும் கருப்பு கருப்பாகவே இருந்தது.

பதினாலாவது நாள் போர்ட்டோவில் நர்ஸ் க்ராசியேத் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"வாந்தி?"

"இல்லை."

"நெஞ்சு படபடப்பு?"

"இல்லை."

"கண்ணுல ஏதாவது? மங்கல், கூச்சம், நிறம் மாறித் தெரியறது?"

இடலீனாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை தானாகத் தாடைக்குப் போனது. கட்டி கொண்டைக்கடலை அளவுக்கு வந்திருந்தது.

"ஒண்ணுமில்லை" என்றாள்.

சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பளிச்சென்ற வெளிச்சத்தில் கடைசி வரி வரை படித்துக் காட்டினாள். இருட்டறைப் பரிசோதனை ஒன்று உண்டு. ஆரம்பத்தில் ஒரு தடவை செய்தார்கள். அடுத்தது இரண்டாம் மாதக் கடைசியில்தான். நடுவில், நோயாளி ஏதாவது சொன்னால் மட்டும். அவள் சொல்லவில்லை.

திரும்பும் ரயில் ப்ராகா வந்தபோது பொழுது போயிருந்தது. இறங்கும்போது ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவில் காலை வைத்தாள். ஃபௌஸ்தோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கியிராவிட்டால் இடுப்பு வரை உள்ளே போயிருப்பாள்.

"என்ன உனக்கு? குடிச்சிருக்கியா?"

"வழுக்கிருச்சு."

"எங்க வழுக்குச்சு? தரை காஞ்சு கெடக்கு." அவள் முகத்தைத் திருப்பினான். "வீட்டுல எல்லா விளக்கையும் போட்டு வெக்கிற. நேத்து சூப்பைத் தட்டுக்கு வெளியே ஊத்தின. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கண்ணு தெரியலையா?"

அவள் முகத்தை விடுவித்துக்கொண்டு நடந்தாள். ஸ்டேஷன் வாசலில் நின்று, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிராதே."

"இடலீனா..."

"அடுத்த வாரம் நீ என்கூட வர்றே, பக்கத்துல உட்கார்றே, வாயைத் திறக்கமாட்டே. புரியுதா? அது கரையுது, ஃபௌஸ்தோ. உன் கையால தொட்டுப் பார்த்தியே. இதை நிறுத்திட்டா எனக்கு அடுத்து என்ன இருக்கு? சொல்லு, என்ன இருக்கு?"

மறுநாள் அவன் கடைக்குப் போய் அதிகப் பிரகாசமான பல்புகள் ஏழு வாங்கி வந்து, சமையலறை, நடைவழி, குளியலறை என்று ஒவ்வொன்றாக மாட்டினான். அதுவே அவனுடைய சம்மதம் என்று இடலீனா எடுத்துக்கொண்டாள்.

இருபத்தோராவது நாளும் "ஒண்ணுமில்லை" என்றாள். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை.

காத்திருக்கும் அறையில்தான் அடெரிட்டோவைச் சந்தித்தாள். நாற்பத்து மூன்று வயது. ஃபெல்கெய்ராஸில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டுகிறவன். அவளுக்கு வந்த அதே நோய். மருந்துகளில் முடியெல்லாம் போய், புருவம்கூட இல்லாத முகம். ஆனால் வாய் மட்டும் ஓயாது.

இருபத்தெட்டாவது நாள், ஒரு பக்கம் ஃபௌஸ்தோ இருக்க, மறுபக்கம் அவன் வந்து உட்கார்ந்தான். "தோனா இடலீனா, இன்னைக்குத்தானே உங்களுக்குக் கடைசி நாள்?"

"வாயைக் கழுவு. கடைசி நாளாமே!"

"ஐயையோ, இருபத்தெட்டைச் சொன்னேன்! நீங்க நூறு வருஷம் இருப்பீங்க. உங்களுக்காகத்தான் நான் மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருக்கேன். ஏன் தெரியுமா? நீங்க தாண்டினாத்தான் எங்க மூணு பேருக்கு முறை. வியாழக்கிழமை ஆய்வுக் கமிட்டி கூடுது. டோஸை ஏத்திக் குடுப்பாங்களாம். கிட்டத்தட்ட இரட்டிப்பு."

"இரட்டிப்பா?"

"உங்களுக்கே இப்படிக் கரைஞ்சிருக்குன்னா, எனக்கு எப்படி இருக்கும்னு பாருங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? நிஜமாச் சொல்லுங்க."

இடலீனா அவனைப் பார்த்தாள். கூடத்தின் வெள்ளை வெளிச்சத்தில் அவன் முகம் துல்லியமாகத் தெரிந்தது.

"வயிறு கொஞ்சம் உப்புசமா இருக்கும். அவ்வளவுதான்."

"இதைத்தான் நொயேமியாகிட்டயும் சொன்னேன். என் பொண்டாட்டி. ரொம்பப் பயப்படறா." அவன் செல்போனைக் காட்டினான். முன்பல் விழுந்த ஆறு வயதுப் பெண் குழந்தை, கன்னமெல்லாம் பச்சைச் சாயம். "பெனெடிட்டா. நொயேமியாவுக்குச் சாயங்கால ஷிப்ட். அதனால ஸ்கூல் விட்டதும் இவளை மாமியார் வீட்டுல விட்டுருவாங்க. நான் இங்கேருந்து போற வழியில கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவேன். பின் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு வழி பூரா பாட்டு. காது கிழியும்."

"நீயா வண்டி ஓட்டிக்கிட்டு வர்றே?"

"பின்னே? எங்க ஊர்ல ரயிலா ஓடுது?"

க்ராசியேத் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இடலீனா உள்ளே போனாள். வாந்தி இல்லை. படபடப்பு இல்லை. கண்ணில் ஒன்றுமில்லை. தாளின் கீழே கையெழுத்துப் போட்டாள். டாக்டர் செலெஸ்த் வந்து அவள் தோளைத் தொட்டு, "ரொம்ப நல்லபடியா தாண்டிட்டீங்க" என்றார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஜன்னல் வெறும் கருப்புப் பலகையாக மாறிவிட்டது. தூரத்தில் நெடுஞ்சாலையில் போகும் கார்களின் விளக்குகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. புள்ளிகளுக்கு நடுவில் எதுவுமே இல்லை. சாலை இல்லை, கோடு இல்லை, ஓரத்தில் நடக்கிறவன் இல்லை.

இருபத்திரண்டு வருடம் அவள் அந்த நேரத்தில் வண்டி ஓட்டியிருக்கிறாள். வேலை விட்டு வரும் கூட்டம், மழை, எதிர் விளக்கு. அந்நேரத்தில் ஒரு ஓட்டுநரின் கண் அரை விநாடி தாமதித்தால் என்னவாகும் என்பது அவளுக்குத் தெரியும். ஒருமுறை அவள் கூட வேலை பார்த்தவன் ஒரு கிழவரைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தை அவன் கடைசி வரை மறக்கவில்லை.

அவளுக்குக் கொடுத்த அளவில் அவளுக்கு இப்படி. இரட்டிப்பு அளவில் அடெரிட்டோ, ஐந்தரை மணிக்கு, மலையிறக்கத்தில், பின் சீட்டில் பாட்டு.

"ஃபௌஸ்தோ, அந்த ஆளு கார் ஓட்டுறான்" என்றாள்.

ஃபௌஸ்தோ கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். தூங்கவில்லை. "தெரியும்" என்றான். "நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"வாயைத் திறக்கக்கூடாதுன்னு நீதானே சொன்னே?" அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் என்ன சொல்றது, இடலீனா? போய்ச் சொல்லுன்னு நான் சொன்னா, உன்னைச் சாகச் சொன்ன மாதிரி. சொல்லாதேன்னு சொன்னா, அந்தக் குழந்தையை... என்னை ஏன் கேக்கறே?"

வீட்டுக்கு வந்ததும் அன்றைய சாயங்கால மாத்திரையை அவள் விழுங்கினாள். தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தாள். கட்டியே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இருந்தது. இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் என்ன? ஸ்கேன் எடுத்துவிடட்டும், சுத்தமாகிவிட்டது என்று எழுதிவிடட்டும், பிறகு சொல்லலாம். இப்படி ஒரு கணக்கு. கமிட்டி வியாழக்கிழமை கூடும். அடெரிட்டோ வெள்ளிக்கிழமை முதல் மாத்திரை போடுவான். இது இன்னொரு கணக்கு. இரண்டையும் எப்படிப் போட்டாலும் ஒத்துவரவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டரின் எண்ணுக்குப் போன் செய்தாள்.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன்."

அன்றைக்கே வரச் சொன்னார்கள். இருட்டறையில் உட்கார வைத்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இமைக்கடியில் மெல்லிய கம்பி வைத்து, அரை மணி நேரம் கும்மிருட்டில் இருக்கச் சொன்னார்கள். பிறகு சின்னச் சின்ன வெளிச்சத் துளிகளைக் காட்டினார்கள். "தெரிஞ்சா சொல்லுங்க" என்று யாரோ சொன்னார்கள். முதல் ஐந்தாறு துளிகளை அவள் பார்க்கவே இல்லை. காட்டினார்கள் என்பதே பின்னால்தான் தெரிந்தது.

டாக்டர் செலெஸ்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எந்த நாள்லேருந்து?"

"பதினோராவது நாள்."

"பதினேழு நாள்! பதினேழு நாள் என்கிட்ட மறைச்சிருக்கீங்க. மூணு தடவை உங்களைக் கேட்டோம். நாளைக்கு நான் கமிட்டியில போய் உட்கார்ந்து 'பத்திரமான அளவு, ஏத்தலாம்'னு சொல்லியிருப்பேன். என் வாயால! அது உங்களுக்குப் புரியுதா?"

"புரிஞ்சதாலதான் வந்தேன்."

"ஏன் முதல் நாளே சொல்லலை?"

இடலீனாவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "ஏன்னு உங்களுக்குத் தெரியாதா? நிறுத்திருவோம்னு சொன்னது யாரு? கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டு, உண்மையைச் சொல்லுன்னா யார் சொல்லுவா, டாக்டரம்மா? நீங்க சொல்லுவீங்களா?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தெரியலை" என்றார். "சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ."

"குறைச்ச அளவு குடுங்க. பாதி குடுங்க. கால்வாசியாவது குடுங்க. நிறுத்தாதீங்க."

"கண்ணு பழையபடி திரும்பணும். திரும்பினா, கேட்டுப் பார்க்கலாம். முடிவு என் கையில இல்லை."

அவள் கைப்பையிலிருந்த மாத்திரைப் புட்டியை க்ராசியேத் வாங்கிக்கொண்டாள். இடலீனா உடனே கையை விடவில்லை. க்ராசியேத் மெதுவாக ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

குழுவில் இருந்த மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டு இருட்டறையில் உட்கார வைத்தார்கள். அதில் ஒருவருக்கும் அதே குறை இருந்தது. வயதானவர், சாயங்காலம் வெளியே போகாதவர், கவனிக்கவே இல்லை. மூன்றில் இரண்டு. கமிட்டி அளவைக் கூட்டவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு படி கீழே இறங்கி, அடுத்த மூன்று பேருக்குக் குறைந்த அளவு கொடுப்பது என்று முடிவானது.

இடலீனாவின் கண் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கட்டியும் திரும்பியது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் பார்ப்பாள். மாடித் திருப்பத்தில் சைக்கிளின் சக்கரக் கம்பிகள் தெரிய ஆரம்பித்த அன்று, தாடைக்குக் கீழே அது திராட்சை அளவுக்கு உருண்டது. கண் தெரியத் தெரிய அவளுக்கு உயிர் போவதுபோல இருந்தது. பார்வை திரும்ப வேண்டாம் என்று ஒருநாள் தேவாலயத்தில் மண்டியிட்டு வேண்டினாள். பிறகு, பரிசோதனையில் தேறினால்தான் மருந்து என்பது நினைவுக்கு வந்து, வேண்டுதலைப் பாதியில் மாற்றிக்கொண்டாள். பக்கத்தில் மண்டியிட்டிருந்த பெண்மணி அவள் முணுமுணுப்பைக் கேட்டுவிட்டுச் சற்றுத் தள்ளிப்போனாள்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரிக் கேண்டீனில் அவளும் ஃபௌஸ்தோவும் இருந்தபோது, அடெரிட்டோ அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். காப்பி வாங்கவில்லை.

"நீங்கதானே?" என்றான்.

"என்ன?"

"யாரோ ஒருத்தருக்குக் கண்ணு போச்சுன்னு டோஸைக் குறைச்சிட்டாங்க. யாருன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. எனக்குத் தெரியும். நீங்கதான்."

"நான்தான்."

"என்கிட்ட வயிறு உப்புசம்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன். அதுக்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன்."

"பொய் சொன்னதுக்கா திட்டறேன்?" அவன் மேஜையில் அடித்தான். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "உண்மையைச் சொன்னதுக்குத் திட்டறேன்! மூணு வாரமா அந்தக் குறைச்ச டோஸை முழுங்கறேன். இங்க பாருங்க." சட்டைக் காலரை இழுத்துக் காட்டினான். கழுத்தோரம் இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. "ஒண்ணும் கரையலை. வளருது. உங்களுக்குக் கரைச்சது எனக்குக் கிடைக்கலை. யார் கேட்டா உங்களை? என் கண்ணைக் காப்பாத்தச் சொல்லி யார் கேட்டா?"

"அடெரிட்டோ, நீ சாயங்காலம் கார்ல... குழந்தையை வெச்சுக்கிட்டு..."

"வித்திருப்பேன்! காரை வித்திருப்பேன்!" அவன் கத்தினான். "என்கிட்ட வந்து, இப்படி ஆகுது, வண்டி ஓட்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வித்திருப்பேன். பஸ்ல போயிருப்பேன். நடந்து போயிருப்பேன். இருட்டுல என் பொண்ணு முகம் தெரியலேன்னா விளக்கைப் போட்டுக்கிட்டுப் பார்த்திருப்பேன். ரெண்டு கண்ணையும் பிடுங்கிக்கோன்னு குடுத்திருப்பேனே. கண்ணு யாருக்கு வேணும்?"

அவனிடம் நேராகச் சொல்லியிருக்கலாம் என்பது அந்த நிமிடம் வரை இடலீனாவுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் அவன் என்ன செய்திருப்பான்? அவளைப் போலவே மறைத்திருப்பான். அதற்குப் பிறகு வருகிற மூன்று பேர்? இதையெல்லாம் சொல்லலாம். புருவமில்லாத அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவன் எழுந்தான். கோபத்தில் கோட்டின் கை நுழையாமல் தடுமாறியது. ஃபௌஸ்தோ எழுந்துபோய்க் கோட்டைப் பிடித்து மாட்டிவிட்டான். அடெரிட்டோ அதைத் தடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இடலீனாவுக்கு அனுமதி வந்தது. குறைந்த அளவு மாத்திரை, வாரா வாரம் இருட்டறைப் பரிசோதனை. மருந்தில்லாமல் இருந்த நாட்களில் வயிற்றிலும் ஒன்று கிளம்பியிருந்தது. ஜனவரிக் கடைசியில் எடுத்த ஸ்கேனில் எதுவும் கரையவில்லை. எதுவும் வளரவும் இல்லை. "நிக்குது" என்றார் டாக்டர். அதைச் சந்தோஷமாகச் சொல்வதா வருத்தமாகச் சொல்வதா என்று அவருக்கே தெரியவில்லை.

"டாக்டரம்மா, அடெரிட்டோவைக் காணோமே."

"மத்தவங்களைப் பத்தி நான் பேசக்கூடாது."

"டோஸை ஏத்தியிருந்தா அவனுக்குக் கேட்டிருக்குமா? அதையாவது சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாது, தோனா இடலீனா. சில பேருக்கு அந்த அணு கொஞ்ச நாள்ல ரெண்டாவது கதவைத் திறந்துக்கும். அப்போ எவ்வளவு குடுத்தாலும் கேக்காது. சில பேருக்கு அப்படி ஆகாது. யாருக்கு எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வே நடக்குது."

பிப்ரவரி எட்டாம் தேதி அடெரிட்டோ இறந்துபோனான். காத்திருக்கும் அறையில் வேறொரு நோயாளி சொல்லித்தான் தெரிந்தது. அடக்கத்துக்குப் போகாதே என்றான் ஃபௌஸ்தோ. "அவங்க உன்னைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? உன் உடம்பு இருக்கிற நிலைமையில அடி வாங்கப் போறியா?" என்றான். அவள் கருப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் வேறு வழியில்லாமல் கார் சாவியை எடுத்தான்.

ஃபெல்கெய்ராஸ் கல்லறையில் செருப்புத் தொழிற்சாலையிலிருந்து பெரிய கூட்டம் வந்திருந்தது. தூறிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது நொயேமியா நேராக அவளிடம் வந்தாள். ஒல்லியான பெண். கண்கள் வீங்கி, ஆனால் ஈரமில்லாமல் இருந்தன.

"நீங்கதான் பஸ் ஓட்டற அம்மாவா?"

"ஆமா." இடலீனா காலை ஊன்றி நின்றுகொண்டாள்.

"அவர் உங்களைத் தினமும் திட்டுவார். காலையில எந்திரிச்சதும் திட்டுவார். திட்டிக்கிட்டே கஞ்சி குடிப்பார்." நொயேமியா ஈர முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். "கடைசி வாரத்துல நிறுத்திட்டார். அப்போதான் எனக்குப் பயம் வந்துச்சு."

"என்னை மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு வாய் வரலைம்மா."

"கேக்காதீங்க. நான் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலை. ஆஸ்பத்திரிக்குப் போற வெள்ளிக்கிழமையெல்லாம் திரும்பும்போது அவர்தான் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வருவார், ஜனவரி பாதி வரைக்கும். மலைப்பாதையில, மழையில. ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேர்ந்தாங்க. அதையும் நினைக்கிறேன். டோஸை ஏத்தியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரோன்னும் நினைக்கிறேன். ஒரே நேரத்துல ரெண்டையும் நினைக்கிறேன்." அவள் குரல் தணிந்தது. "உங்களுக்கு வேலை செய்யுதா?"

"இப்போதைக்கு நிக்குது."

நொயேமியா தலையை ஆட்டினாள். தூரத்தில், யாரோ ஒரு பெரியவரின் குடைக்கடியில், பெனெடிட்டா ஈர மண்ணில் ஷூ நுனியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். அம்மா கூப்பிட்டதும் ஓடி வந்தாள். இருவரும் இடலீனாவிடம் விடைபெறாமலே வாசலை நோக்கி நடந்தார்கள்.

காரில் ஏறியதும் இடலீனா ஈரக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். ஃபௌஸ்தோ ஹீட்டரைப் போட்டான். கொஞ்ச தூரம் போனதும் சாலையோரம் நிறுத்தி, பின் சீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். மணி ஆறாகியிருந்தது, சாயங்கால மாத்திரைக்கான நேரம். மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். அது கசந்து கரையத் தொடங்கிய பிறகுதான் தண்ணீரைக் குடித்தாள்.